எல்லைக்கு வெளியே சுடப்பட்ட கரடி: இத்தாலியின் அப்ரூட்ஸோவில் ‘பாதுகாக்கப்பட்ட பகுதி’ எப்படி இயங்குகிறது?

2023 ஆகஸ்ட் 31 இரவு, மத்திய இத்தாலியின் அப்ரூட்ஸோ பிராந்தியத்தில் சான் பெனெதெத்தோ தேய் மார்சி என்ற ஊரில் ஒரு பெண் கரடி சுட்டுக் கொல்லப்பட்டது. அமரேனா என்று ஊரறிந்த பெயர் கொண்ட கரடி அது. உடன் இரண்டு குட்டிகள் இருந்தன. அதே ஆண்டு ஜனவரி 23 அன்று அதன் முந்தைய ஈற்றுக் குட்டிகளில் ஒன்றான ஹுவான் கரீத்தோ, காஸ்தெல் தி சாங்ரோ அருகே கார் மோதி இறந்திருந்தது. எட்டு மாதத்துக்குள் தாயும் மகனும் போய்விட்டன.

உலகத்தில் வேறெங்கும் இல்லாத இந்த மார்சிக்கன் கரடிகளின் மொத்த எண்ணிக்கையே சுமார் 50தான். அதனால் செய்தி இத்தாலிக்கு வெளியேயும் பரவியது. கூடவே மூன்று குழப்பங்களும் பரவின. இந்தக் கரடிக்காகவே நூறாண்டுக்கு முன் உருவான தேசியப் பூங்கா இருக்கும்போது இது எப்படி நடந்தது? பூங்காவுக்கு வெளியே வந்த கரடியைச் சுடுவது குற்றமா இல்லையா? பிராந்தியத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலம் பாதுகாப்பில் இருக்கிறது என்கிறார்களே, அது போதாதா?

மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. வரைபடத்தில் போட்ட எல்லைக்கோடு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை தெளிவாகும்.

## அப்ரூட்ஸோவில் என்னென்ன இருக்கின்றன

ரோமுக்குக் கிழக்கே, அப்பெனைன் மலைத்தொடருக்கும் அட்ரியாட்டிக் கடலுக்கும் நடுவில் இருக்கிறது அப்ரூட்ஸோ. பரப்பு சுமார் 10,800 சதுர கிலோமீட்டர். இதற்குள் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் பல வகைகளில் உள்ளன.

1. தேசியப் பூங்காக்கள் மூன்று. மிகப் பழையது அப்ரூட்ஸோ, லாட்ஸியோ, மொலீசே தேசியப் பூங்கா. மூன்று பிராந்தியங்களில் பரவிய சுமார் 50,000 ஹெக்டேர். மிகப் பெரியது கிரான் சாஸ்ஸோ – மோந்தி தெல்லா லாகா, ஏறத்தாழ 1.4 லட்சம் ஹெக்டேர். அப்பெனைனின் உச்சமான கோர்னோ கிராந்தே (2,912 மீட்டர்) இதற்குள் இருக்கிறது. மூன்றாவது மயெல்லா, சுமார் 74,000 ஹெக்டேர். 2021இல் யுனெஸ்கோவின் உலகப் புவியியல் பூங்காப் பட்டியலிலும் சேர்ந்தது.
2. பிராந்தியப் பூங்கா ஒன்று. சிரேந்தே – வெலீனோ, 1989இல் பிராந்தியச் சட்டத்தால் உருவானது.
3. இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியக் காப்பகங்கள். பெஸ்காரா ஆற்றின் ஊற்று, பென்னே ஏரி, அத்ரியின் களிமண் அரிப்புப் பள்ளங்கள், ரொசெல்லோவின் வெள்ளி ஃபர் காடு, வாஸ்தோவின் பூந்தா அதேர்ச்சி கடற்கரை என்று சிறிதும் பெரிதுமாக.
4. கடல் பாதுகாப்புப் பகுதி ஒன்று. பினேத்தோவுக்கும் சில்விக்கும் இடையிலுள்ள தோர்ரே தெல் செர்ரானோ, 2009இல் அறிவிக்கப்பட்டது.
5. நத்தூரா 2000 தளங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பறவைகள் வழிகாட்டுநெறி, வாழிடங்கள் வழிகாட்டுநெறி இரண்டின் கீழும் குறிக்கப்பட்டவை. இவை பெரும்பாலும் மேலே சொன்ன பூங்காக்களின் மேலேயே படிந்திருக்கும். சில இடங்களில் பூங்கா எல்லையைத் தாண்டியும் போகும்.

ஒரே நிலம் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகைகளுக்குள் வரலாம் என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லைகளைச் சுருக்கும் கதை வரும்போது இது தேவைப்படும்.

## முதல் கோடு எப்படிப் போடப்பட்டது

சாங்ரோ ஆற்றின் மேல்பள்ளத்தாக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இத்தாலிய அரச குடும்பத்தின் வேட்டைக்காடாக இருந்தது. அரசர் மட்டுமே வேட்டையாடலாம் என்ற விதி, விரும்பியோ விரும்பாமலோ, கரடிகளைக் காத்தது. 1912இல் அந்த உரிமை கைவிடப்பட்டதும் துப்பாக்கிகள் திரும்பின.

1921இல் ‘ப்ரோ மோந்திபுஸ் எத் சில்விஸ்’ என்ற மலை – காடு பாதுகாப்புக் கூட்டமைப்பு, ஓப்பி ஊராட்சியிடமிருந்து கமோஷியாரா சரிவில் 500 ஹெக்டேரைக் குத்தகைக்கு எடுத்தது. அரசாணைக்குக் காத்திருக்காமல் ஊருக்குப் பணம் கொடுத்து நிலத்தைக் காப்பாற்றினார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று பெஸ்காசெரோலியில் பூங்கா திறக்கப்பட்டது. முன்னின்று நடத்தியவர் நாடாளுமன்ற உறுப்பினரும் பொறியாளருமான எர்மீனியோ சிபாரி. 1923 ஜனவரி 11 அரசாணை அதைச் சட்டப்படியான தேசியப் பூங்காவாக்கியது.

இந்தத் தொடக்கம் இன்றைய பூங்காவையும் விளக்குகிறது. இங்கே நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது கிடையாது. ஊராட்சிகளின் பொதுநிலம், மேய்ச்சல் உரிமையும் விறகு உரிமையும் கொண்ட ஊர்மக்களின் நிலம். பூங்காவுக்குள்ளேயே ஊர்கள் இருக்கின்றன, மேயர்கள் இருக்கிறார்கள், ஆடு மாடு மேய்கிறது. ஆளில்லாக் காட்டைச் சுற்றி வேலி போட்டதுதான் தேசியப் பூங்கா என்று நினைத்துக்கொண்டு இத்தாலியச் செய்திகளைப் படித்தால் எதுவும் பிடிபடாது.

## சட்டம்: 394/1991

1991 டிசம்பர் 6ஆம் தேதியின் 394ஆம் எண் சட்டம்தான் இத்தாலியில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் அடிப்படை. அப்ரூட்ஸோ தன் பங்குக்கு 1996இல் 38ஆம் எண் பிராந்தியச் சட்டத்தை இயற்றியது. பூங்காவுக்கு ஒரு தனி ஆணையம் உண்டு: தலைவர், நிர்வாகக் குழு, மேயர்கள் கூடும் ‘பூங்காச் சமூகம்’, அன்றாட வேலைக்கு ஓர் இயக்குநர். அப்ரூட்ஸோ பூங்காவுக்குத் தன் சொந்தக் காவலர் படை இருக்கிறது. கிரான் சாஸ்ஸோவிலும் மயெல்லாவிலும் காவல் பணி கராபினியேரி காவல் படையின் வனப்பிரிவிடம். பழைய தேசிய வனக்காவல் படை 2017 ஜனவரி 1 முதல் அதில் இணைக்கப்பட்டுவிட்டது.

தேசியப் பூங்காவுக்குள் நான்கு மண்டலங்கள்:

- ஏ மண்டலம், முழுக்காப்பு. இயற்கையை அப்படியே விடுவது. மரம் விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்கும்.
- பி மண்டலம், பொதுக்காப்பு. புதுக் கட்டடம், இருப்பதைப் பெரிதாக்குவது, நிலத்தின் தன்மையை மாற்றுவது எதுவும் கூடாது. மரபான மேய்ச்சலும் பராமரிப்பும் உண்டு.
- சி மண்டலம், பாதுகாப்புப் பகுதி. விவசாயம், மேய்ச்சல், காட்டுப்பொருள் சேகரிப்பு, கைவினை, ஆகியவை மரபு வழியிலோ இயற்கை வேளாண் முறையிலோ தொடரலாம்.
- டி மண்டலம், பொருளாதார – சமூக வளர்ச்சிப் பகுதி. ஊர்களும் அவற்றைச் சுற்றிய நிலமும்.

வேட்டை நான்கு மண்டலங்களிலும் தடை. கட்டுமானம், சாலை, பெரிய மரவெட்டு எதுவானாலும் உள்ளூர் அனுமதிக்கு முன் பூங்கா ஆணையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். விண்ணப்பித்த 60 நாளுக்குள் ஆணையம் மறுக்காவிட்டால் சான்று கிடைத்ததாகவே பொருள் (விண்ணப்பித்தவருக்குக் கடிதம் எழுதி இந்தக் கெடுவை ஒருமுறை இன்னொரு 30 நாள் நீட்டலாம்). இந்த மௌனச் சம்மத விதி இன்னும் செல்லுமா என்ற சர்ச்சையை நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான அரசு மன்றம் 2016இல் முடித்துவைத்தது: செல்லும்.

இங்கேதான் முதல் பலவீனம். பூங்காவில் ஆள் குறைவு, கோப்புகள் அதிகம் என்றால், படிக்கப்படாத விண்ணப்பமும் அனுமதியாகிவிடுகிறது. இரண்டாவது பலவீனம், மண்டலங்களை வரையறுக்கும் பூங்காத் திட்டம். ஆணையம் அமைந்த 18 மாதத்துக்குள் அதைத் தயாரிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் பிராந்தியம், ஊராட்சிகள், ஆட்சேபங்கள் என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. திட்டம் முடியும்வரை இடைக்காலப் பாதுகாப்பு விதிகளை வைத்தே எல்லாமே ஓடும். அந்த விதிகள் பொதுவானவை. எந்தச் சரிவில் என்ன செய்யலாம் என்ற நுணுக்கம் அவற்றில் இருக்காது.

## கோட்டுக்கு வெளியே என்ன சட்டம்?

அமரேனா சுடப்பட்ட ஊர் பூங்கா எல்லைக்கு வெளியே, ஃபூசினோ சமவெளியில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பெரிய ஏரி ஒன்றை வடித்து எடுத்த வளமான விவசாய நிலம். அங்கே பூங்காவின் ஒழுங்குமுறைகள் செல்லாது. ஆனாலும் கரடிக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று ஆகிவிடாது. எல்லைக்கு வெளியே வேலை செய்யும் அடுக்குகள் மூன்று.

1. இனப் பாதுகாப்பு. 1992இன் 157ஆம் எண் சட்டப்படி காட்டு விலங்குகள் அரசின் சொத்து. கரடி, ஓநாய், அப்ரூட்ஸோ ஷாமோய் என்ற மலையாடு ஆகியவை சிறப்புப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. அமரேனா சுடப்பட்ட 2023 ஆகஸ்டில், கரடியைக் கொன்றால் அந்தச் சட்டம் வகுத்திருந்த தண்டனை மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். பூங்காவுக்குள் கொன்றாலும் வெளியே கொன்றாலும் குற்றம் குற்றம்தான். இரண்டாவது குழப்பத்துக்கு இதுவே பதில்.

2. பூங்காவை ஒட்டிய பகுதி. 394ஆம் எண் சட்டத்தின் 32ஆம் பிரிவு, எல்லைக்கு வெளியே ஒரு வளையத்தை வரையச் சொல்கிறது. அங்கே வேட்டை முழுத்தடை கிடையாது, ஆனால் பூங்காவிலும் அந்த வளையத்திலும் உள்ள ஊராட்சிகளில் வசிப்பவர்கள் மட்டுமே வேட்டையாடலாம். காட்டுப்பன்றியை நாய்க்கூட்டம் விட்டு விரட்டினால் குட்டிகளோடு இருக்கும் கரடியும் கலைந்து ஓடும். அதனால் எத்தனை பேர், எந்த முறையில் என்பதெல்லாம் இந்த வளையத்தில் முக்கியமாகிறது. வளையத்தை வரைய வேண்டியவை பிராந்தியங்கள், பூங்காவோடு பேசி. மூன்று பிராந்தியங்களில் பரவிய பூங்காவுக்கு மூன்று தனித்தனிப் பேச்சுவார்த்தை.

3. நத்தூரா 2000. இத்தளங்களைப் பாதிக்கக்கூடிய எந்தத் திட்டத்துக்கும் முன்கூட்டியே தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். தளத்துக்கு வெளியே நடக்கும் வேலையும் தளத்தைப் பாதிக்குமானால் மதிப்பீட்டுக்குள் வரும். கரடி வழித்தடத்தில் வரும் பனிச்சறுக்கு லிஃப்ட், புதுச் சாலை போன்றவற்றைக் கேள்வி கேட்க இதுவே கையில் இருக்கும் கருவி.

ஆக, சட்டத்தில் ஓட்டை இருந்ததால் அமரேனா சாகவில்லை. தாளில் எல்லா அடுக்கும் இருந்தன. ஊருக்குள் வந்த கரடிக்கும் அங்கிருந்த மனிதருக்கும் நடுவில், தரையில், எதுவும் இல்லை.

## ஒரே பூங்கா, மூன்று விலங்கு, மூன்று விளைவு

கோடு எப்போது போதும், எப்போது போதாது என்று பார்க்க அப்ரூட்ஸோவைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம்.

ஷாமோய் மலைப்பாறைகளில் வாழும் ஆட்டினம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது சில டஜன்களே மிஞ்சின, அதுவும் கமோஷியாராவைச் சுற்றி மட்டும். அதன் வாழிடம் உயரமான புல்வெளியும் பாறைமுகடும். அவை முழுக்கவே கோட்டுக்குள் இருந்தன. வேட்டையைத் தடுத்ததும் பெருகியது. ஆனாலும் ஒரே மலையில் ஒரே மந்தை என்றால் ஒரு நோய் போதும். எனவே 1990களின் தொடக்கத்தில் மயெல்லாவுக்கும் கிரான் சாஸ்ஸோவுக்கும், பிறகு வடக்கே சிபில்லீனி மலைகளுக்கும், 2013இல் சிரேந்தே – வெலீனோவுக்கும் கொண்டுபோய் விட்டார்கள். இன்று எல்லா மந்தைகளும் சேர்ந்து 2,000ஐத் தாண்டிவிட்டன.

ஓநாய் 1970களின் தொடக்கத்தில் இத்தாலி முழுக்க சுமார் நூறு. 1971இல் வேட்டை நிறுத்தப்பட்டு, பின்னர் முழுப் பாதுகாப்பு வந்தது. மலைக்கிராமங்கள் காலியாகி, காடு வளர்ந்து, மானும் பன்றியும் பெருக, ஓநாய் தானாகவே அப்பெனைன் வழியாக வடக்கே நடந்து 1990களில் ஆல்ப்ஸை அடைந்தது. ஆண்டுதோறும் குட்டி போடும், வயது வந்த குட்டி வெகுதூரம் போய்த் தன் எல்லையை அமைக்கும். பூங்கா அதற்கு விதைநிலமாக இருந்தது, வளர்ந்தது வெளியே.

கரடி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பெண் கரடி மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும். ஓர் ஆண்டில் குட்டியோடு காணப்படும் தாய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இளம் ஆண்கள் தூரம் போகும். பெண்கள் பிறந்த இடத்தின் பக்கத்திலேயே தங்கும். கோட்டுக்குள் உள்ள நல்ல இடங்கள் நிரம்பிவிட்டன. அடுத்த தலைமுறை பிழைக்க வேண்டுமானால் வெளியேதான் போக வேண்டும், வெளியேதான் ஈன வேண்டும். 50 கரடிகளை 50ஆகவே நூறாண்டு காத்தது பூங்காவின் சாதனை. அதை 100 ஆக்குவது பூங்கா எல்லைக்குள் முடியாத வேலை.

## தரையில் என்ன கெடுகிறது, ஏன்

கரடி சாவதற்கான காரணங்களில் பல, சின்னச் செலவில் சரிசெய்யக்கூடியவை. அதனால்தான் அவை இவ்வளவு வேதனையாக இருக்கின்றன.

கோழிக்கூடும் பழமரமும். ஆகஸ்டு, செப்டம்பரில் கரடி குளிர்காலத்துக்குக் கொழுப்பு சேர்க்கிறது. மலையில் அதன் முக்கிய உணவு ராம்னோ என்று ஊர்க்காரர்கள் சொல்லும் குறுமரத்தின் சிறுகனி. பிறகு அக்டோபரில் பீச் (beech) என்ற காட்டு மரத்தின் கொட்டை. ராம்னோ பழுக்கும் வாரங்களில் அந்தச் சரிவுகளின் நடைபாதைகளைப் பூங்கா மூடுகிறது. கரடியை மேலேயே நிம்மதியாகத் தின்னவிட்டால் ஊருக்குள் வரும் காரணம் குறையும். கைவிடப்பட்ட தோட்டங்களின் ஆப்பிள், பேரி மரங்களை மலைச்சரிவுகளில் கவாத்து செய்து மீட்பதும் இதற்காகவே.

ஊருக்குள் கோழி, தேன்கூடு, குப்பை மூன்றும்தான் இழுக்கின்றன. இவற்றுக்கு மின்வேலி நன்றாக வேலை செய்யும், சரியாகப் போட்டால். சரியான வேலிக்கு வேண்டியவை:

1. நான்கு அல்லது ஐந்து கம்பி. அடிக்கம்பி தரையிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர். அதைவிட உயர்ந்தால் கரடி அடியில் தோண்டி நுழையும்.
2. கம்பியில் குறைந்தது 4,000 வோல்ட். கரடியின் அடர்ந்த ரோமம் மின்சாரத்தைத் தடுக்கும். மூக்கிலோ நாக்கிலோ படும்போதுதான் அதிர்ச்சி முழுதாக ஏறும். அதனால் முதல் தொடுதலிலேயே வலுவாக இருக்க வேண்டும்.
3. நல்ல எர்த். பெரும்பாலான வேலிகள் தோற்பது இங்கேதான். அப்பெனைனின் சுண்ணாம்புக்கல் மண் கோடையில் காய்ந்து கிடக்கும், மின்சுற்று மண் வழியாகத் திரும்பாது. எர்த் கம்பிகளைக் கூட்ட வேண்டும், அல்லது ஒரு கம்பி விட்டு ஒரு கம்பியை எர்த்தாக இணைக்க வேண்டும். அப்போது கரடியின் உடலே சுற்றை முடித்துவிடும்.
4. புல் வெட்டுதல். கம்பியைத் தொடும் ஒவ்வொரு புல்லும் மின்சாரத்தைக் கசியவிடும். மழைக்குப் பிறகு வோல்ட்மீட்டரில் பார்த்தால் தெரியும்.
5. கதவு. சுற்றி வேலி போட்டுவிட்டுக் கதவை வெறும் மரப்பலகையாக விட்ட கூடுகளில் கரடி கதவு வழியாகவே நுழைகிறது.

ஒருமுறை கோழி தின்று ருசி கண்ட கரடி திரும்ப வரும். தாய் வந்தால் குட்டிகளும் பழகும். ஹுவான் கரீத்தோ ரொக்கராஸோ தெருக்களில் பகலிலேயே சுற்றும் அளவுக்கு மனிதரிடம் பயம் விட்டுப்போனது இந்த வழியில்தான். எனவே வேலி கோழிக்காகப் போடப்பட்டாலும் அதிகம் காப்பது கரடியைத்தான்.

தண்ணீர்த்தொட்டி. வில்லாவல்லேலோங்கா ஊரின் மலையில் மழைநீர் சேகரிக்கும் செங்குத்துச் சுவர்த் தொட்டி ஒன்றில் 2010இல் இரண்டு கரடிகள் மூழ்கி இறந்தன. 2018 நவம்பரில் அதே தொட்டியில் ஒரு தாயும் இரண்டு குட்டிகளும். ஐம்பதில் ஐந்து, ஒரே தொட்டியில். தீர்வு, உள்ளே ஒரு மூலையில் கல்லடுக்கிச் சாய்தளம் போடுவது, அல்லது சுற்றிலும் உறுதியான வேலி. அரைகுறை வேலியால் பயனில்லை. தாகமெடுத்த கரடி அதை மிதித்துச் சாய்த்துவிடும்.

சாலை. அப்ரூட்ஸோ பூங்காவுக்கும் மயெல்லாவுக்கும் நடுவில் 17ஆம் எண் அரசுச் சாலை ஓடுகிறது. பாலங்களுக்கும் மதகுகளுக்கும் அடியில் வழி இருந்தாலும், வேலி வைத்து அதை நோக்கித் திருப்பாவிட்டால் விலங்கு நேராகச் சாலையில்தான் ஏறும். சில மதகுகள் புதர் அடைத்தும் கிடக்கும். அடைப்பை எடுப்பது, இருபுறமும் வழிகாட்டும் வேலி, இரவில் வேகக்குறைப்பு மூன்றும் சேர்ந்தால்தான் பலன்.

கால்நடை. மேய்ச்சல் நிலத்தைப் பகிர்வதால் நோயும் பகிரப்படுகிறது. 2014இல் ஒரு பெண் கரடி மாட்டுக் காசநோயால் இறந்தது. கோடையில் வெளியூர் மந்தைகள் மேலேறும் முன் பரிசோதனை செய்வது ஏட்டில் உள்ள விதி. மலையில் அதைச் சரிபார்க்க ஆள் வேண்டும்.

இழப்பீடு. பூங்காவுக்குள் விலங்கால் நேரும் சேதத்துக்குப் பூங்கா ஆணையமே ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 394ஆம் எண் சட்டத்தின் 15ஆம் பிரிவு. வெளியே அது பிராந்தியத்தின் பொறுப்பு. ஒரே கரடி, ஒரே வாரம், கோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒவ்வொரு கூட்டை உடைத்தால் இரண்டு விவசாயிகளும் இரண்டு வெவ்வேறு அலுவலகங்களுக்குப் போக வேண்டும். ஒருவருக்குப் பணம் சீக்கிரம் வந்து, மற்றவருக்கு இழுத்தடித்தால், கோட்டுக்கு வெளியே இருப்பவர் கரடியை எப்படிப் பார்ப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

## சின்னக் காப்பகத்தின் பெரிய வேலை

பெத்தொரானோ சுல் ஜீட்ஸியோ ஊரிலுள்ள மோந்தே ஜென்ட்ஸானா காப்பகம் சுமார் 3,000 ஹெக்டேர். தேசியப் பூங்காக்களுக்கு முன் வைத்தால் சிறியது. ஆனால் அது இருக்கும் இடம் அப்ரூட்ஸோ பூங்காவுக்கும் மயெல்லாவுக்கும் நடுவில். கரடி ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி. ஊர்க்காரர்கள் தன்னார்வ அமைப்புகளோடு சேர்ந்து கூடுகளுக்கு மின்வேலி, கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டி, பழமரக் கவாத்து என்று வரிசையாகச் செய்து, ‘கரடியோடு வாழும் ஊர்’ என்ற முறைக்கு முன்மாதிரி ஆனார்கள். ஒரு காப்பகத்தின் மதிப்பை ஹெக்டேரில் மட்டும் அளக்கக் கூடாது என்று இந்த இடம் காட்டுகிறது. 3,000 ஹெக்டேர் வழியை மூடினால் 74,000 ஹெக்டேர் மயெல்லாவுக்குப் பெண் கரடிகள் போய்ச் சேரவே முடியாது.

## கோடு சுருங்கும்போது

2021இல் அப்ரூட்ஸோ பிராந்தியம் புதுச் சட்டம் போட்டு சிரேந்தே – வெலீனோ பூங்காவின் எல்லையிலிருந்து பல ஆயிரம் ஹெக்டேரை வெளியேற்றியது. ரோம் அரசு வழக்குக்குப் போக, 2022இல் அரசமைப்பு நீதிமன்றம் பிராந்தியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2023 டிசம்பர் இறுதியில் இன்னொன்று: ரொசேத்தோ தெல்யி அப்ரூட்ஸி, ஜூலியனோவா ஊர்களின் கரையிலுள்ள பொர்சாக்கியோ காப்பகத்தைச் சுமார் 1,100 ஹெக்டேரிலிருந்து சுமார் 25 ஹெக்டேராகக் குறைக்கும் திருத்தத்தைப் பிராந்திய மன்றம் நிறைவேற்றியது.

எல்லை பின்வாங்கினால் அந்த நிலத்தில் அன்றே மாறுபவை இவை: வேட்டைத் தடை விலகும், தடையில்லாச் சான்று தேவைப்படாது, காப்பக நிர்வாகத்தின் பணமும் ஆளும் அங்கே வராது. மாறாதவை: இனப் பாதுகாப்புச் சட்டம், நத்தூரா 2000 தளம் இருந்தால் அதன் தாக்க மதிப்பீடு. மலைப்பகுதியில் இந்த இரண்டாவது அடுக்கு பல இடங்களில் கைகொடுக்கும். கடற்கரையில் நிலைமை மோசம், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் ஒரே ஓர் அடுக்குதான் இருக்கிறது. ஹோட்டலும் குடைவரிசையும் நெருக்கும் அட்ரியாட்டிக் கரையில், எஞ்சிய இயற்கை மணல்மேடு ஒவ்வொன்றும் ஒரு காப்பகக் கோட்டை நம்பியே நிற்கிறது.

கோட்டுக்குள்ளும் வேலை நுணுக்கமானது. ஃபிராத்தீனோ என்ற சின்ன உப்புக்கொத்தி மார்ச்சிலிருந்து வெறும் மணலில் ஒரு குழி கிளறி மூன்று முட்டை இடும். முட்டை மணல் நிறம். இரண்டு அடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. கோடை சீசனுக்கு முன் கடற்கரையைச் சுத்தம் செய்யும் டிராக்டர் ஒருமுறை போனால் கூடு போயிற்று. எனவே தோர்ரே தெல் செர்ரானோவில் கூடுகளை முன்கூட்டியே தேடிக் குறித்து, சுற்றிக் குச்சியும் கயிறும் கட்டி, அந்தப் பகுதியில் கையால் மட்டும் குப்பை பொறுக்க வைக்கிறார்கள். இந்தக் கடல் பகுதி 7 கிலோமீட்டர் கரையும் கடலுக்குள் 3 கடல்மைலும் கொண்டது. ஏ மண்டலம் இல்லை, பி, சி, டி மட்டும். இழுவைமடி வலைக்குத் தடை இருப்பதால் அடிமணலின் உயிர்கள் பிழைக்கின்றன.

## கோடே போடப்படாத பூங்கா

ஓர்த்தோனாவிலிருந்து வாஸ்தோ வரை நீளும் கடற்கரைக்கு ‘கோஸ்தா தெயாத்தீனா’ தேசியப் பூங்கா என்று 2001 மார்ச்சின் 93ஆம் எண் சட்டமே பெயர் சூட்டியது. இருபது ஆண்டுக்கு மேலாகியும் எல்லையை நிர்ணயிக்கும் ஆணை வெளிவரவில்லை. எந்த ஊராட்சியின் எந்தத் துண்டு உள்ளே, எது வெளியே என்பதில் உடன்பாடு எட்டவில்லை. நடுவில் அரசு நியமித்த ஆணையர் ஒருவர் வரைபடம் தயாரித்தும் அது ஆணையாகவில்லை.

எல்லை இல்லாததால் ஆணையம் இல்லை. ஆணையம் இல்லாததால் மண்டலம் இல்லை, தடையில்லாச் சான்று இல்லை, நிதி ஒதுக்கீடு இல்லை. இதற்கிடையில் அந்தக் கரையைக் காப்பவை ஒன்றோடொன்று ஒட்டாத சிறுகாப்பகங்கள்: 1998இல் உருவான பூந்தா அதேர்ச்சி, தொரீனோ தி சாங்ரோவின் பசுமைமாறா ஓக் காடு, ஓர்த்தோனாவின் ரிப்பாரி தி ஜோப்பே, பூந்தா தெல்லாக்குவாபெல்லா, மரீனா தி வாஸ்தோ. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனிச் சிறு பட்ஜெட். பழைய கரையோர ரயில் பாதையை எடுத்துவிட்டுப் போட்ட சைக்கிள் பாதை இவற்றை இணைத்துப் பயணிகளைக் கொண்டுவருகிறது. அந்தப் பயணிகளுக்காக எழும் கட்டடங்களில் காப்பகக் கோட்டுக்கு வெளியே வருபவற்றுக்கு, பூங்கா என்ற பெயரில் யாரும் ஆட்சேபம் எழுப்ப இன்றைக்குச் சட்டத்தில் இடமில்லை.